மதுரையிலிருந்து துருவ ஆய்வில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி?

துருவ ஆய்வில் முனைவர் பட்டம் படிக்க விரும்பும் நம் பகுதி மாணவர்கள் பலர், பல்கலைக்கழகங்களின் விண்ணப்பப் படிவத்தைத் தேடுவதிலிருந்தே தொடங்குகிறார்கள். படிவத்தை நிரப்புவதற்குச் சில நாட்கள் போதும். ஆய்வுக் கேள்வியை உருவாக்குவதற்கும் தக்க நெறியாளரைக் கண்டடைவதற்கும்தான் மாதக்கணக்கில் காலம் பிடிக்கும். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

முதல் படி: உங்கள் பாடத்துக்குரிய இடம்

இத்துறை புவியியலும் இயற்பியலும் படித்தவர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் சரியன்று. நுண்ணுயிரியல் முடித்தவர் கடுங்குளிரில் வாழும் பாக்டீரியாக்களை ஆராயலாம். அரசியல் அறிவியலோ வரலாறோ படித்தவர், 1959இல் கையெழுத்தாகி 1961இல் நடைமுறைக்கு வந்த, அண்டார்டிகாவை அமைதிக்கும் அறிவியலுக்கும் உரியதாக்கிய அண்டார்டிக் ஒப்பந்தத்தையும், 1983இல் இந்தியா அதில் இணைந்ததன் பின்னணியையும் எடுத்துக்கொள்ளலாம். 1920இல் கேம்பிரிட்ஜில் நிறுவப்பட்ட ஸ்காட் துருவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பனியாறுகளை அளப்பவர்களும் வடதுருவ மக்களின் வாழ்க்கையை ஆராய்பவர்களும் சேர்ந்தே பணியாற்றுகிறார்கள்.

இரண்டாம் படி: ஆய்வுக் கேள்வி

விண்ணப்பத்தின் உயிர்நிலை இதுதான். ‘அண்டார்டிகாவில் பருவநிலை மாற்றம்’ என்பது தலைப்பே தவிரக் கேள்வியன்று. ‘அண்டார்டிகாவில் இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் அமைந்துள்ள பகுதியை ஒட்டிய பிரிட்ஸ் விரிகுடாவில், 1979 முதல் இன்றுவரை கடற்பனி உருகத் தொடங்கும் காலம் மாறியிருக்கிறதா, அம்மாற்றத்தில் காற்றின் பங்கு எவ்வளவு?’ என்பது கேள்வி. இதற்கு இடம் உண்டு, காலம் உண்டு, விடை காண்பதற்கான தரவும் உண்டு.

அந்தத் தரவு மதுரையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள தேசியப் பனி, உறைபனித் தரவு மையம், 1978இன் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் திரட்டிய கடற்பனிப் பதிவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. அச்செயற்கைக்கோள்களில் இருப்பவை நுண்ணலைகளை அளக்கும் கருவிகள் என்பதால், மாதக்கணக்கில் நீளும் துருவ இரவிலும் மேகமூட்டத்திலும் அவற்றால் பனியைக் காண முடிகிறது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் அண்டார்டிகாவைச் சூழ்ந்த கடற்பனியின் உச்சப் பரப்பு சுமார் 1.7 கோடி சதுர கிலோமீட்டராகச் சுருங்கி, அதுவரை பதிவான குளிர்கால உச்சங்களிலேயே மிகக் குறைவாக இருந்ததும் இப்பதிவுகள் வழியாகத்தான் தெரியவந்தது.

ஆனால் ஒரு வரம்பை மனத்தில் கொள்ளுங்கள். இப்பதிவுகளில் பெரும்பாலும் பயன்படுவது 25 கிலோமீட்டர் அளவுள்ள கட்டங்கள்; ஒரு கட்டம் முழுவதற்கும் ஒரே மதிப்புதான். மதுரை மாநகரும் திருமங்கலமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும் அளவு அது. ஆகவே ஒரு சிறு கடற்கழியைப் பற்றிக் கேள்வி எழுப்பிவிட்டு இந்தத் தரவை நம்பினால், நேர்காணலில் முதல் ஐந்து நிமிடத்திலேயே அகப்பட்டுக்கொள்வீர்கள். விண்ணப்பிக்கும் முன் இத்தரவை இறக்கிச் சொந்தமாக ஒரே ஒரு வரைபடமாவது வரைந்து பார்ப்பது, பத்துக் கட்டுரைகளை மேலோட்டமாகப் படிப்பதைவிட மேலானது என்பது என் கருத்து.

மூன்றாம் படி: இந்தியாவா, வெளிநாடா

இந்தியாவில் முதலில் நோக்க வேண்டியது, கோவாவின் வாஸ்கோட காமா நகரில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம். புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இம்மையம்தான் அண்டார்டிகாவின் மைத்ரி, பாரதி நிலையங்களையும், 2008இல் வடதுருவப் பகுதியில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் திறக்கப்பட்ட ஹிமாத்ரி நிலையத்தையும் பேணுகிறது. அங்கே ஆய்வு செய்தாலும், பட்டத்துக்காக ஒரு பல்கலைக்கழகத்தில் தனியே பதிவு செய்ய வேண்டியிருக்கும். முதுகலையில் பொதுவாக 55 விழுக்காடு மதிப்பெண் தேவை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு.

ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் தேசிய அளவில் நடக்கும் சி.எஸ்.ஐ.ஆர்–யு.ஜி.சி. நெட் தேர்வில் புவி, வளிமண்டல, பெருங்கடல் அறிவியல்களை உள்ளடக்கிய தாள் தனியாகவே இருக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். வீட்டுப் பணத்தை நம்ப முடியாதவர்களுக்கு இந்த வழியையே நான் முதலில் சொல்வேன்; ஏனெனில் இந்த உதவித்தொகை நெறியாளரின் ஆய்வுத் திட்டத்தின் பெயரில் அல்லாமல் உங்கள் பெயரில் வருகிறது.

வெளிநாடுகளில் முறை வேறுபடும். நார்வேயில் முனைவர் பட்ட ஆய்வு என்பது சம்பளத்துடன் கூடிய வேலை. விளம்பரம் வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனியின் பிரெமர்ஹாஃபனில் உள்ள ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் பெரும்பாலும் இவ்வாறே ஆள் எடுக்கிறது. கேம்பிரிட்ஜில் நீங்களே ஆய்வு முன்மொழிவை எழுதி அனுப்ப வேண்டும். அக்டோபரில் சேர்வதற்கு நிதியுதவியும் கேட்பவர்கள், முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பித்து முடிக்க வேண்டியிருக்கும். பட்டியல் சாதி மாணவர்கள் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையையும் பார்க்கலாம்.

நான்காம் படி: நெறியாளருக்குக் கடிதம்

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்காமல், அவர் பெயருக்கு முன் முனைவர் பட்டத்தைச் சேர்த்து விளியுங்கள். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் விடுபட்டிருக்கும் கேள்வி எது, அதை உங்கள் கேள்வி எங்கே தொடுகிறது என்பதை நான்கைந்து வரிகளில் சொல்லி, நீங்கள் வரைந்த வரைபடத்தை இணையுங்கள். ஒரே கடிதத்தைப் பலருக்கும் அனுப்புவது எளிதில் தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் இரண்டு, மூன்று வாரங்கள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம்.

ஐந்தாம் படி: ஆவணங்களும் பரிந்துரைக் கடிதங்களும்

நம் மாணவர்களுக்குப் பெயர் ஒரு தனிச் சிக்கல். மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுவதும் விரிந்திருக்கும். வெளிநாட்டு விண்ணப்பங்களில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை நிரப்பி, இரண்டும் ஒருவரே என்பதற்கான சான்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத் தலைவர் என்ற பதவியைப் பார்த்துப் போகாமல், உங்கள் முதுகலைத் திட்டப்பணியை வழிநடத்திய ஆசிரியரிடம் கேளுங்கள். விடைத்தாள் திருத்தும் காலத்தில் அவர்களுக்கு நேரம் இராது என்பதால், முன்மொழிவையும் மதிப்பெண் பட்டியலையும் ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: நேர்காணல்

பெரும்பாலும் காணொளி வழியாகவே நடக்கும். குளிர்காலத்தில் கேம்பிரிட்ஜில் காலை 10 மணி என்றால் இங்கே மாலை 3.30. களப்பயணம் நடக்காமல் போனால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குக் கட்டாயம் ஆயத்தமாக இருங்கள். இந்திய அண்டார்டிகப் பயணக் குழுவில் இடம் கிடைத்தாலும், மருத்துவப் பரிசோதனையிலும் உத்தராகண்டின் ஆலியில் நடக்கும் பனிப் பயிற்சியிலும் தேறிய பிறகே கிளம்ப முடியும். அதன் பின்னும் வானிலை கப்பலையோ விமானத்தையோ நிறுத்திவிடலாம். அப்போது முனைவர் பட்ட ஆய்வேட்டின் எந்த இயல் செயற்கைக்கோள் தரவைக் கொண்டே முழுமை பெறும், எது பெறாது என்பதை முன்மொழிவிலேயே பிரித்துக் காட்டியிருந்தால், அந்தப் பக்கத்தைச் சுட்டியே பதில் சொல்லலாம்.