வண்டுக்கு பி.டி. அடிக்கிறீர்களா? முதலில் லேபிளைப் படியுங்கள்

“அண்ணே, கத்தரி இலையெல்லாம் சல்லடையாயிடுச்சு. அந்த பி.டி. மருந்து ஒரு பாக்கெட் குடுங்க.” வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் உரக்கடையில் இப்படிக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. ஒரு வாரம் கழித்து, “இயற்கை மருந்து எதுக்கும் உதவாது” என்று அலுத்துக்கொள்பவர்களும் அவர்கள்தான். மருந்தின் மேல் குற்றமில்லை. இலையைத் தின்றது வண்டு; வாங்கி வந்ததோ அந்துப்பூச்சியின் புழுவுக்கான மருந்து.

பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்பதன் சுருக்கம். இந்த மண் பாக்டீரியா, வித்து உருவாக்கும்போது கூடவே ஒரு புரதப் படிகத்தையும் உருவாக்குகிறது. ‘க்ரை’ புரதங்கள் என்று இவற்றைச் சொல்கிறார்கள். இவற்றில் பல நூறு வகைகள் உண்டு. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பூச்சிக் கூட்டத்தை மட்டுமே தாக்கும். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது ‘குர்ஸ்டாகி’ ரகம். அது அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கானது. ‘இஸ்ரேலென்சிஸ்’ கொசுப்புழுவுக்கு. வண்டினத்தைத் தாக்கும் ‘டெனிப்ரியோனிஸ்’ ரகம் தனி. 1983இல் ஜெர்மனியில், மாவு வண்டு ஒன்றின் கூட்டுப்புழுவிலிருந்து அதைக் கண்டெடுத்ததாக அறிவித்தார்கள். அதில் இருப்பது க்ரை3ஏ என்ற புரதம்.

ஏன் இந்தப் பாகுபாடு? எல்லாம் குடலில்தான் இருக்கிறது. அந்துப்பூச்சிப் புழுவின் குடல் கடும் காரத்தன்மை உள்ளது. படிகம் அதில் கரைந்து, நொதிகளால் வெட்டுப்பட்டு, குடல் சுவரில் ஒட்டித் துளை போடுகிறது. இலை தின்னும் வண்டுகளின் குடலில் அவ்வளவு காரம் இல்லை. புரதம் ஒட்டிக்கொள்ளும் இடங்களும் வேறு. அதனால் குர்ஸ்டாகியை எத்தனை டேங்க் அடித்தாலும் வண்டு பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும்.

இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான். ஆனால் கத்தரி எந்த ரகமானாலும் பூச்சிகள் அதேதான். காயைத் துளைப்பது அந்துப்பூச்சியின் புழு. அது உள்ளே நுழைவதற்கு முன் அடித்தால் குர்ஸ்டாகிக்கு ஓரளவு வேலை உண்டு, நுழைந்துவிட்டால் எட்டாது. இலையின் பச்சையத்தைச் சுரண்டி, நரம்பை மட்டும் வலைபோல விடுவது எபிலாக்னா என்கிற புள்ளி வண்டு. இலை ஓரத்தைக் கடித்துக்கொண்டு, மண்ணுக்குள் தன் புழுவை வேருக்கு அனுப்புவது சாம்பல் கூன்வண்டு. பின்னால் சொன்ன இரண்டுக்கும் குர்ஸ்டாகி சுத்த வீண்.

இன்னொரு தவறு இதைவிட மோசம்: புள்ளி வண்டென்று நினைத்து பொறிவண்டை நசுக்குவது. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று நமக்கு உதவுவது அது. இலையைத் திருப்பிப் பாருங்கள். எபிலாக்னாவின் முதுகு மங்கலாக, மெல்லிய ரோமத்தோடு இருக்கும். புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முள்ளோடு ஒரே இடத்தில் சுரண்டிக்கொண்டிருக்கும். பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். அதன் புழு கருப்பாக, நீண்ட கால்களோடு செடியெங்கும் ஓடித் திரியும்.

சரி, சரியான ரகமே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் இது தொட்டால் சாகிற மருந்து இல்லை, தின்றால்தான் வேலை செய்யும். சின்னப் புழுக்கள் எளிதில் மாட்டும். வளர்ந்த புழுவும் வண்டும் தாக்குப்பிடிக்கும். தின்ற புழு சீக்கிரமே மேய்வதை நிறுத்திவிடும், ஆனால் செத்து விழ இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாள் காலையில் புழு உயிரோடு இருக்கிறதே என்று பதறி ரசாயனத்தைத் தூக்குவதுதான் நிறையப் பேர் செய்வது. இலையின் அடிப்பக்கம் நனையாமல் அடிப்பதும் வீண்தான்.

வேலூர் வெயிலைப் பற்றி தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புற ஊதாக் கதிர் இந்தப் புரதத்தைச் சில நாட்களில் சிதைத்துவிடும், அதனால் மாலையில் அடியுங்கள். தகரக் கொட்டகையில் பாக்கெட்டைப் போட்டு வைக்காதீர்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையோடு சேர்க்காதீர்கள். காரத்தில் படிகம் டேங்குக்குள்ளேயே கரைந்து கெட்டுவிடும். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் போர் தண்ணீர் உப்பேறிப்போனது ஊரறிந்த சங்கதி. உப்பு வேறு, காரம் வேறு. தண்ணீரில் காரம் இருக்கிறதா என்று ஒரு தடவை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

தென்னங்குருத்தில் காண்டாமிருக வண்டுக்கு பி.டி. ஊற்றுவதும் பயனில்லை. அதன் புழு எருக்குழியில் வளர்கிறது. அங்கே கலக்க வேண்டியது மெட்டாரைசியம் என்ற பூஞ்சை; அது தோல் வழியாகவே புழுவுக்குள் இறங்கும்.

வண்டுக்கான ரகம் கிடைக்காவிட்டால் எபிலாக்னாவுக்கு என்ன செய்வது? இலைக்கடியில் மஞ்சள் முட்டைக் குவியலைப் பார்த்ததும் இலையோடு கிள்ளி எடுங்கள். அப்புறம் 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து அடியுங்கள். எந்தப் பூச்சி என்றே சந்தேகமா? ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் காட்டலாம்.

வேலை செய்கிறது என்பதற்காக ஒரே புரதத்தையே நம்பியிருப்பதும் ஆபத்து. அமெரிக்காவில் மக்காச்சோள வேர்ப்புழு வண்டுக்கு எதிராக, க்ரை3பிபி1 புரதத்தைத் தானே உருவாக்கும் மக்காச்சோளம் 2003இல் வந்தது. அயோவாவில் அதே பயிரை ஆண்டுக்கு ஆண்டு அதே நிலத்தில் போட்டார்கள். 2011இல் அங்கே எதிர்ப்புத்திறன் பெற்ற வண்டுகள் இருப்பது தெரியவந்தது.

பக்கத்து நிலத்தில் மல்பெரி இருந்தால் குர்ஸ்டாகி சாரல் அந்தப் பக்கம் போகவே கூடாது. பட்டுப்புழுவும் அந்துப்பூச்சியின் புழுதான். ஜப்பானில் இஷிவாடா இந்த பாக்டீரியாவை 1901இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே நோயுற்ற பட்டுப்புழுவிலிருந்துதான்.