வக்கீல் இல்லாமல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவது எப்படி?

28,000 ரூபாய்க்கு வாங்கிய ஃபிரிட்ஜ் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டது, கடைக்காரர் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார், கம்பெனியோ சர்வீஸ் சென்டரைக் கை காட்டுகிறது என்றால் அதற்காக சிவில் கோர்ட் படியேற வேண்டாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்களே மனுப் போட்டு நீங்களே வாதாடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நண்பருக்குக் கொடுத்த கைமாற்று, மறுவிற்பனைக்கு வாங்கிய சரக்கு இதெல்லாம் இங்கே வராது.

முதலில் ஒரு வெள்ளைத்தாளில் தேதிவாரியாக நடந்ததை எழுதுங்கள். வாங்கியது, பழுதானது, புகார் கொடுத்தது, அவர்கள் சொன்ன பதில். ஒவ்வொரு தேதிக்கும் பில், வாரண்டி அட்டை, வாட்ஸ்அப் செய்தியின் பிரிண்ட் என்று ஏதாவது ஒரு ஆதாரம் வேண்டும். என்னைக் கேட்டால் வழக்கின் முக்கால்வாசி வேலை இந்தத் தாளில்தான் இருக்கிறது, ஏனென்றால் ஆணையத்தில் எடுபடுவது நம் கோபமோ பேச்சுத்திறமையோ அல்ல, காகிதம்தான்.

அடுத்து 1915-ஐக் கூப்பிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம், சில புகார்கள் இங்கேயே முடிந்துவிடும். முடியவில்லையா, கடைக்கும் கம்பெனிக்கும் 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பி, அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் மனு. உங்கள் பெயர், முகவரி, எதிர்தரப்பினர் யார் யார் (கடை, தயாரிப்பாளர் இருவரையும் சேருங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுத் தப்பிப்பார்கள்), நடந்தது என்ன, கடைசியாக என்ன வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை அவசரமாக எழுதாதீர்கள். பணத்தைத் திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு இவ்வளவு, வழக்குச் செலவுக்கு இவ்வளவு என்று தனித்தனியாகத் தொகை போடுங்கள், கேட்காததை ஆணையம் தானாகக் கொடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. கூடவே நோட்டரி கையெழுத்துள்ள உறுதிமொழிப் பத்திரம், ஆதாரங்களின் நகல், அவற்றுக்கு ஒரு பட்டியல்.

கட்டணம் பற்றிப் பயப்பட வேண்டாம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். கேட்கும் இழப்பீடு இந்தக் கணக்கில் சேராது, கொடுத்த பணம்தான் கணக்கு. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ருதி (e-Jagriti) தளத்தில் ஆன்லைனில் போடலாம், நேரில் போவதானால் எத்தனை நகல் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனு ஏற்கப்பட்டதும் எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போகும். பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள் வரை கிடைக்கும், அதற்கு மேல் நீட்டிப்பு இல்லை. வாய்தா தேதிகளை மட்டும் தவறவிடாதீர்கள், நீங்கள் வராவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். தீர்ப்பு வந்தும் பணம் தரவில்லையென்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள், உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்க அதே சட்டத்தின் 72-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது.