செட்டிநாட்டுப் பக்குவத்தில் முட்டை: பலகாரம், மதியக் குழம்பு, விருந்து

செட்டிநாட்டுச் சமையல் என்றவுடன் கோழியும் ஆட்டுக்கறியும் நண்டும் பேசப்படும் அளவுக்கு முட்டை பேசப்படுவதில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் கறிக்கடைக்குப் போக நேரமில்லாத நாளில் அடுப்படிக்குக் கைகொடுப்பது அதுதான். அப்படிச் சமைக்கும்போது பலரும் கோழிக்குழம்புக்குரிய மசாலாவை அளவு மாற்றாமல் போட்டு, கோழியைப் போலவே முட்டையையும் நெடுநேரம் கொதிக்கவிடுகிறார்கள். கோழி வேகும் நேரத்திலேயே மசாலாவும் பக்குவப்பட்டுவிடும். முட்டை ஏழெட்டு நிமிடங்களில் வெந்துவிடுவதால் மசாலாவுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே, மசாலா முழுவதும் வெந்து எண்ணெய் பிரிந்த பிறகே முட்டை சட்டிக்குள் போக வேண்டும் என்பதைக் கீழே வரும் மசாலாச் செய்முறைகளுக்கெல்லாம் பொதுவிதியாகக் கொள்ளலாம்.

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நாமக்கல் பண்ணை முட்டைகள். ஒன்று ஏறத்தாழ 50 முதல் 55 கிராம் இருக்கும். நாட்டுக்கோழி முட்டை அதைவிடச் சிறியது என்பதால், 6 பண்ணை முட்டை சேர்க்கும் இடத்தில் 8 நாட்டு முட்டை சேர்க்கலாம். ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் முட்டையின் வயது தெரியும். புதியது அடியில் படுத்துக்கிடக்கும், சற்றுப் பழையது அடியிலேயே நிமிர்ந்து நிற்கும், மிதப்பதை எடுத்தெறிந்துவிட வேண்டும். ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாக ஈரம் வெளியேற வெளியேற, அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாவதே இதற்குக் காரணம். உடைத்து ஊற்றும் குழம்புக்கும் ஒற்றை முட்டைத் தோசைக்கும் புதிய முட்டையை வைத்துக்கொள்ளுங்கள்; அதன் வெள்ளைக்கரு கெட்டியாகச் சேர்ந்து நிற்கும். வேகவைத்து உரிப்பதற்கு ஒரு வாரம் ஆன முட்டையே நல்லது. நாள் ஆக ஆக வெள்ளைக்கருவின் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கூடி, உட்சவ்வோடு ஒட்டும் பிடி தளர்வதால், ஓடு சதையைப் பிய்க்காமல் கழன்று வரும்.

வேகவைக்கும்போது பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பில் ஏற்றுவதைவிட, கொதிக்கும் தண்ணீரில் கரண்டியால் மெல்ல இறக்குவதே உரிப்பதற்கு உகந்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையைக் கால் மணி நேரம் வெளியே வைத்திருந்துவிட்டு இறக்கினால் வெடிப்பது குறையும். தண்ணீர் தளதளவெனக் கொதிக்காமல் அடங்கிக் கொதிக்கும்படி தீயைக் குறைத்து, தனியாகச் சாப்பிட 10 நிமிடமும், பிறகு மசாலாவில் பிரட்டுவதற்கு 9 நிமிடமும் வைத்தால் போதும். இறக்கியவுடன் பானைத் தண்ணீருக்கு மாற்றிவிட வேண்டும். அப்படி மாற்றாமல் வெந்நீரிலேயே விட்டுவிட்டால், வெள்ளைக்கருவிலுள்ள கந்தகமும் மஞ்சள் கருவிலுள்ள இரும்பும் சேர்ந்து மஞ்சளைச் சுற்றிச் சாம்பல் பச்சையில் ஒரு வளையத்தை உண்டாக்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றாலும் இலையில் வைக்க அழகாக இராது.

காலைப் பலகாரத்தில் முட்டைத் தோசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோசையின் மேற்பரப்பு காய்வதற்குள் முட்டையை உடைத்துக் கரண்டியின் அடிப்பாகத்தால் பரப்பி, மிளகுத்தூளும் நறுக்கிய சின்ன வெங்காயமும் தூவி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுத் திருப்பிப் போட்டு அரை நிமிடத்தில் எடுத்துவிடலாம். மிஞ்சிய இடியாப்பம் இருந்தால், சோம்பும் கறிவேப்பிலையும் தாளித்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கி, முட்டையை ஊற்றிக் கிளறி, அது பாதி வெந்து ஈரமாக இருக்கும்போதே உதிர்த்த இடியாப்பத்தைச் சேர்த்துவிட வேண்டும். முட்டை முழுக்க வெந்து உதிர்ந்த பிறகு சேர்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும்.

முட்டைப் பணியாரத்துக்குச் சற்றுக் கவனம் தேவை. நான்கு முட்டைக்குச் சின்ன வெங்காயம் பத்து, பச்சைமிளகாய் இரண்டு, கறிவேப்பிலை ஓர் ஈர்க்கு, இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, உப்பு ஆகியவை போதும். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து நல்லெண்ணெயில் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்கி ஆறவிட்ட பிறகே முட்டையோடு சேர்க்க வேண்டும். பணியாரக்கல்லின் குழிக்குள் முட்டை இருக்கும் மூன்று நிமிடத்தில் பச்சை வெங்காயம் வேகாது. அடித்த முட்டை சூட்டில் உப்பி, இறக்கியதும் அமுங்குவது இயல்பு. இரண்டு மேசைக்கரண்டி புளித்த இட்லி மாவு கலந்தால் அமுங்குவது குறையும். குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, முக்கால் குழிக்கு ஊற்றி, மூடிபோட்டுச் சிறுதீயில் இரண்டு நிமிடம் விடுங்கள். ஓரம் கல்லைவிட்டு விலகி, நடுவில் மட்டும் ஒரு சிறு பொட்டு அளவுக்கு ஈரம் மினுக்கும் நேரத்தில் கம்பியால் புரட்டினால் பணியாரம் உருண்டையாக வரும். வரமிளகாய்ச் சட்டினி இதற்குப் பொருத்தமான தொடுகறி.

மதியச் சாப்பாட்டுக்கு வேகவைத்த முட்டையைப் போடும் குழம்பைவிட, உடைத்து ஊற்றும் குழம்பையே நான் பரிந்துரைப்பேன். வேகவைத்த முட்டையின் வழவழப்பான மேற்புறத்தில் குழம்பு ஏறுவதில்லை. உடைத்து ஊற்றியதோ குழம்பிலேயே வெந்து உப்பையும் புளியையும் ஏற்றுக்கொள்ளும். நான்கு பேருக்கு 6 முட்டை, உரித்த சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு பத்துப் பல், நாட்டுத் தக்காளி இரண்டு, நெல்லிக்காய் அளவு புளி, மல்லித்தூள் மூன்று தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, நல்லெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். அரைப்பதற்கு மிளகு ஒரு தேக்கரண்டி, சோம்பு ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, நகத்தளவு கல்பாசி ஆகியவற்றை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, நான்கு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலோடு மைய அரைக்க வேண்டும். கல்பாசி இதைவிடக் கூடினால் கசப்புத் தட்டும். அன்னாசிப்பூவும் மராட்டி மொக்கும் ஆட்டுக்கறியின் வாடைக்கு ஈடுகொடுக்கச் சேர்ப்பவை. முட்டைக்கு அவ்வளவு கனமான வாசனை தேவையில்லை என்பது என் எண்ணம்.

மண்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் சோம்பும் வெந்தயமும் சிறிது தாளித்து, கறிவேப்பிலை, பூண்டு, வெங்காயம் என்ற வரிசையில் போட்டு, வெங்காயத்தின் ஓரங்கள் சிவக்கும்வரை வதக்கிய பின் தக்காளியைச் சேர்த்துக் குழைய விடுங்கள். பொடிகளைப் போட்டுத் தீயைக் குறைத்து ஒரு நிமிடம் புரட்டி, புளிக்கரைசலும் மூன்று குவளைத் தண்ணீரும் உப்பும் சேர்த்து, பச்சை வாடை போகப் பத்து நிமிடம் கொதித்த பிறகு அரைத்த விழுதை ஊற்றி, மேலும் எட்டு முதல் பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மிதக்கும் இந்த நிலையில் உப்பையும் புளிப்பையும் சரிபார்த்துவிடுங்கள். முட்டை விழுந்த பிறகு கிளறவோ திருத்தவோ முடியாது.

இனித் தீயைச் சிறிதாக்கி, குழம்பு நடுவில் பொங்காமல் ஓரங்களில் மட்டும் சலசலக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். முட்டையை நேராகச் சட்டியில் உடைக்காமல், ஒரு சிறு கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடைத்து, கிண்ணத்தின் விளிம்பு குழம்பைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தி, ஒன்றின்மேல் ஒன்று விழாமல் இடம்விட்டுச் சரித்துவிடுங்கள். கெட்டுப்போன முட்டை ஒன்று இருந்தாலும் குழம்பு முழுவதும் பாழாகாமல் இந்தக் கிண்ணம் காப்பாற்றிவிடும். மூடிபோட்டு நான்கு நிமிடம் கரண்டியைக் காட்டவே கூடாது. முதலில் வெள்ளைக்கருவின் ஓரம் மங்கி வெளுக்கும்; பிறகு அது மெல்ல நடுவுக்கு ஏறி, மஞ்சளின்மேல் வெண்திரை படர்ந்து, அதுவரை இருந்த பளபளப்பு மறையும். அந்தத் திரை வந்த பிறகு சட்டியின் காதைப் பிடித்து ஒருமுறை லேசாக அசைத்து, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விட்டு அடுப்பை அணைக்கலாம். மண்சட்டி சூட்டை வைத்திருந்து இறக்கிய பின்னும் முட்டையை வேகவைத்துக்கொண்டிருக்கும் என்பதைக் கணக்கில் கொண்டு, எவர்சில்வர் பாத்திரத்தைவிட ஒரு நிமிடம் முந்தியே அணைத்துவிட வேண்டும். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் மஞ்சள் கரு முழுவதும் கெட்டியாகும்வரை வைத்திருப்பதே பாதுகாப்பு.

விருந்து என்று வரும்போது முட்டையின் இடமே மாறிவிடுகிறது. இலையில் ஏற்கெனவே கோழிக்குழம்போ ஆட்டுக்கறிக் குழம்போ ரசமோ இருக்கும் என்பதால், முட்டையையும் இன்னொரு குழம்பாக வைத்தால் எல்லாம் ஒன்றாக ஓடிக் கலந்துவிடும். இங்கே முட்டை கெட்டியான வெஞ்சனமாக (தொடுகறியாக), மசாலாவில் பிரட்டியதாகவே இருக்க வேண்டும். அழைப்பதற்கு முன் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமாவாசை, கார்த்திகை, வெள்ளிக்கிழமைகளில் முட்டையைக்கூடத் தொடாத விருந்தினர் இந்தப் பக்கத்தில் பலர் உண்டு.

12 முட்டைக்குச் சின்ன வெங்காயம் 400 கிராம், தக்காளி நான்கு, இஞ்சிபூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி தேவைப்படும். மிளகு இரண்டு தேக்கரண்டி, சோம்பு இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மல்லி மூன்று மேசைக்கரண்டி, வரமிளகாய் எட்டு, பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்று ஆகியவற்றை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடிசெய்துகொள்ளுங்கள். வெங்காயத்தை நல்லெண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, இஞ்சிபூண்டு, தக்காளி, மஞ்சள்தூள், உப்பு, பொடி எல்லாம் சேர்த்து, அரைக் குவளைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுருள வதக்கினால் அரைமணி நேரத்தில் மசாலா சட்டியைவிட்டு ஒன்றாகத் திரண்டு வரும். இதை முதல்நாள் மாலையே செய்து, ஆறியவுடன் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். மறுநாள் சுவை கூடுமே தவிரக் குறையாது.

முட்டைகளை உரித்து நீளவாக்கில் பாதியாக வெட்டி, மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் உப்பும் தூவிய சிறிது எண்ணெயில் வெட்டிய பக்கம் கீழாக இருக்கும்படி அடுக்கி, ஒரு நிமிடம் அசைக்காமல் விடுங்கள். மஞ்சள் கருவின் முகம் லேசாகப் பொரிந்து இறுகிவிடுவதால், பிரட்டும்போதும் பரிமாறும்போதும் அது கழன்று விழாது. வெட்டும்போது கத்தியை ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியில் துடைத்துக்கொள்வது நல்லது. விருந்தினர் கை கழுவப் போகும் நேரத்தில் மசாலாவைச் சூடாக்கி, முட்டைத் துண்டுகளை மேலே வைத்துச் சட்டியைச் சாய்த்துச் சாய்த்துப் பிரட்டி, கறிவேப்பிலையும் இடித்த மிளகும் தூவி இறக்கிவிடலாம். கரண்டியைப் போட்டுக் கிளறினால் இவ்வளவு பாடும் வீண்.

வேகவைத்த முட்டையை ஓட்டோடு குளிர்பெட்டியில் ஒரு வாரம்வரை வைத்திருக்கலாம். உரித்து மசாலாவில் போட்டதை இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். திரும்பச் சூடாக்கும்போது முட்டையைத் தனியே எடுத்துவைத்து, மசாலாவை மட்டும் நன்றாகக் கொதிக்கவிட்டு, இறக்கும்முன் முட்டையைச் சேர்த்துச் சூடேற்றினால் ரப்பர்போல் ஆகாது. விருந்தில் மசாலாவோடு இரண்டு முட்டை மிஞ்சினால் அவற்றை உதிர்த்துக் கிளறித் தோசைக்குள் வைத்து மடித்துவிடலாம். மறுநாள் காலைக்குத் தனியாகச் சட்டினி அரைக்க வேண்டியிராது.