ஊட்டியில் எம்.பி.பி.எஸ்.: டைம்டேபிளில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

உதகை அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவுடன் டைம்டேபிள் கைக்கு வரும். உங்கள் பேட்ச்சுக்கு (பிராக்டிகலுக்காகப் பிரிக்கும் மாணவர் குழு) எந்தப் பாடத்தின் பிராக்டிகல் வாரத்தில் ஒரே ஒரு நாள் வருகிறது என்று அதில் முதலில் தேடுங்கள். அந்த நாளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள். முதலாண்டில் பலரைக் கவிழ்ப்பது அந்த நாள்தான்.

முதலாண்டின் முக்கியப் பாடங்கள் அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. அனாடமிக்கு பயோகெமிஸ்ட்ரியைவிட இரண்டு மடங்குக்கு மேல் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். பாடம் கனமானது என்ற பயத்தாலேயே அனாடமி வகுப்பை யாரும் விடுவதில்லை. நேரம் குறைவான பயோகெமிஸ்ட்ரியில்தான் வருகைப் பதிவு சரிகிறது.

தேர்வு எழுதக் குறைந்தபட்ச வருகை விதி இது: தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம், பாடவாரியாகத் தனித்தனியே. ஒரு பாடத்தில் மிஞ்சியதை இன்னொன்றில் ஈடுகட்ட முடியாது. ஒரு பாடத்தின் பிராக்டிகல் உங்கள் பேட்ச்சுக்குத் திங்கள்கிழமை மட்டும், ஆண்டுக்கு 30 முறை வருகிறது என்று வையுங்கள். ஆறு திங்கள் விட்டால் சரியாக 80 சதவீதம். ஏழாவது திங்களும் போனால் 76 சதவீதத்துக்குச் சற்று மேல், அதாவது தகுதி போய்விட்டது. வார இறுதியில் கோவைக்கோ ஈரோட்டுக்கோ போய்விட்டு, திங்கள் மதியம் மலையேறும் பழக்கத்துக்கு ஏழு வாரம் பெரிய கணக்கல்ல.

ஞாயிறு மதியத்துக்குள் மேட்டுப்பாளையத்தைத் தாண்டிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் சாலையில் மண் சரிந்தால் வண்டிகளைக் கோத்தகிரி வழியே திருப்பிவிடுவார்கள், நேரம் கூடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர்ப் பக்கம் மழை. ஏப்ரல், மே சீசனில் ஒருவழிப் பாதையும் நெரிசலும். பெற்றோர் வெளிமாவட்டக் காரில் வருவதானால் இ-பாஸ் (நீலகிரிக்குள் வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) விவரத்தை முன்பே பார்க்கச் சொல்லுங்கள். விடக்கூடிய நாட்களை இந்த மாதங்களுக்கும் காய்ச்சலுக்கும் மிச்சம் வையுங்கள். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் வருகை கூடிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். மழைக்குக் கலெக்டர் விடுமுறை அறிவித்தால் விட்டுப்போன வகுப்பு சனிக்கிழமைக்கு வரலாம். டிபார்ட்மென்ட் போர்டைப் பார்க்காமல் வெள்ளி இரவுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஒரு நோட்டில் பாடவாரியாக நடந்த வகுப்பு, வந்த வகுப்பு என இரண்டு பத்தி போட்டு வெள்ளிதோறும் நிரப்புங்கள். மாதம் ஒருமுறை டிபார்ட்மென்ட் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பேட்ச் மாற்றி உட்கார்ந்த நாளில்தான் பிழை வரும்: இன்னொரு பேட்ச்சோடு பிராக்டிகல் செய்திருப்பீர்கள், உங்கள் பேட்ச்சில் ஆப்சென்ட் விழுந்திருக்கும். அந்த வாரத்திலேயே சொன்னால் திருத்த முடியும். லாக் புக்கில் (செய்த பயிற்சிகளைப் பதியும் நோட்டு) ஆசிரியர் கையெழுத்தையும் அன்றன்றே வாங்குங்கள். ப்ரிலிம் (பல்கலைக்கழகத் தேர்வுக்கு முன் கல்லூரி நடத்தும் தேர்வு) நெருங்கும்போது 150 பேரும் வரிசையில் நிற்பார்கள்.

இன்டர்னல் மதிப்பெண்ணும் ஒரு வாசல். தியரி, பிராக்டிகல் தனித்தனியே 40, சேர்த்து 50 சதவீதம் இருந்தால்தான் பல்கலைக்கழகத் தேர்வு எழுதலாம். முதலாண்டுத் தேர்வுக்கு அதிகபட்சம் நான்கு வாய்ப்பு. அந்தத் தேர்வில் தேறாமல் இரண்டாமாண்டு இல்லை. இரண்டாமாண்டில் பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, ஃபார்மகாலஜி. அப்போதிலிருந்து வார்டு போஸ்டிங்கும் (மருத்துவமனை வார்டில் பயிற்சி) சேர்ந்துகொள்வதால் படிக்கும் நேரம் மாலைக்கு நகர்ந்துவிடும். நீலகிரியின் சாரலில் வெள்ளைக் கோட்டு ஒரு நாளில் காயாது. மூன்று கோட்டு வைத்திருங்கள்.

குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்துக்காக (மாணவர்கள் சில குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டம்) வீடுகளுக்குப் போகும் நாட்களை மட்டும் டைம்டேபிளை நம்பித் திட்டமிடக் கூடாது. காலை பதினொரு மணிக்கு எஸ்டேட் லைனுக்கு (தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு) போனால் வீடு பூட்டியிருக்கும், எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள். அவர்களை வரச்சொல்லி நிறுத்தினால் கூலி போகும், அதைச் செய்யாதீர்கள். கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே பேசி, வேலை முடியும் மாலையிலோ விடுமுறை நாளிலோ போக ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். பயோகெமிஸ்ட்ரியில் படிக்கும் சிக்கிள் செல் நோய் (பரம்பரையாக வரும் ரத்த நோய்) கூடலூர், பந்தலூர்ப் பழங்குடிக் குடும்பங்களில் உண்டு. அதைப் பற்றி அக்கம்பக்கத்தார் முன்னால் கேட்க வேண்டாம். வீட்டுக்குள் உட்கார்ந்து, அவர்கள் சம்மதித்த பிறகு கேட்டு எழுதுங்கள்.