ஏற்காட்டு ஈரத்தில் ஒரு பழைய டச்சுப் புத்தகம்: காப்பதும் எண்ணுவதும் பதிவதும்

காபித் தோட்டத்து பங்களா அலமாரியிலோ தேவாலய நூலகத்திலோ 17ஆம் நூற்றாண்டு டச்சு பக்தி நூல் ஒன்று அகப்படலாம். சாக நினைப்பவரை மீட்கப் போதகர் ஒருவர் எழுதியதாகத் தெரிகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதை யாரும் “சரிசெய்து” கொடுக்காமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

முதல் எதிரி ஈரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்து உட்காரும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். 40க்குக் கீழே இறங்கினால் கன்றுத்தோல் அட்டை இறுகி வில்லாக வளையும். 45 முதல் 55 வரை இருப்பது நல்லது. அதற்கு ஓர் ஈரமானி வேண்டும். ஆனால் மலிவான ஈரமானிகள் பொய் சொல்லும். சோடா பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு போல ஆக்குங்கள், கரைந்துவிடக் கூடாது. அதையும் மானியையும் ஒரே ஜிப் கவரில் மூடி 12 மணி நேரம் வையுங்கள். மானி 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் அன்றிலிருந்து ஐந்தைக் கழித்தே படியுங்கள்.

புத்தகம் ஏற்கெனவே நமுத்திருந்தால் உடனே டப்பாவில் போட்டு மூடாதீர்கள், மூடிய டப்பாவுக்குள் பூஞ்சணம் இன்னும் வேகமாகப் பரவும். வெயில் படாத அறையில், மின்விசிறிக் காற்று நேராக அடிக்காத இடத்தில், சில நாள் ஆறவிடுங்கள். பொடியாக உதிரும் பூஞ்சணத்தை முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, மென்தூரிகையால் தட்டலாம். பிசுபிசுப்பாக இருந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. காயும்வரை தொடக் கூடாது. பிறகு கஞ்சி போடாத, நன்றாக அலசிய பருத்தித் துணியில் சுற்றி, 10 லிட்டர் காற்றுப்புகா டப்பாவில், 50 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு வையுங்கள். மானியும் உள்ளேயே இருக்கட்டும். 45க்குக் கீழே போனால் ஒரு பொட்டலத்தை எடுத்துவிடுங்கள். கஞ்சி வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு: மாவுச்சத்து இருக்கும் இடத்தை இராமபாணப் பூச்சி தேடி வரும். ஜவ்வரிசி ஊரான சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வசம்பு வைப்பதானால் தனிப் பையில், தாளில் படாமல்.

மலையிலிருந்து சேலத்துக்கு இறக்கும்போது டப்பாவைத் திறக்காமல் கொண்டுவந்து, ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். குளிர்ந்த தாள்மேல் கீழ்ச் சூட்டுக் காற்று பட்டால் வியர்த்துவிடும்.

பைண்டிங் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். நம் ஊர் பைண்டர்கள் மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பது வழக்கம். கணக்குப் பேரேட்டுக்கு அது சரி. ஆனால் அதிலுள்ள செம்பு, துணிக்கந்தலில் செய்த பழைய தாளை நாளடைவில் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். செல்லோடேப், ஃபெவிகால், லேமினேஷன் எல்லாமே திரும்பப் பிரிக்க முடியாத தவறுகள். அட்டை கழன்றிருந்தால் பருத்தி நாடாவால் சுற்றி, முடிச்சு முதுகுப் பக்கம் வராமல் முன்விளிம்பில் வரக் கட்டினால் போதும்.

அடுத்தது எண்ணிக்கை. சுத்தமான, உலர்ந்த வெறுங்கை போதும். கையுறை போட்டால் தாளின் விளிம்பு விரலுக்குத் தெரியாமல் கிழியும். 90 பாகைக்கு மேல் விரிக்காமல் இரு பக்கமும் மடித்த துண்டுகளை முட்டுக் கொடுங்கள். பக்க எண்களை நம்பவே வேண்டாம். அக்கால அச்சில் அவை அடிக்கடி தவறும். பக்கத்தின் அடியிலுள்ள ஃபாரக் குறியைப் பாருங்கள். ஃபாரம் என்பது ஒரே அச்சுத் தாளை மடித்த கட்டு; இதழ் என்பது அதில் இரு பக்கம் கொண்ட ஓர் ஏடு. அச்சகத்தில் நாம் 16 பக்க ஃபாரம் என்பதே இங்கே எட்டு இதழ். டச்சு எட்டிதழ் நூல்களில் பெரும்பாலும் முதல் ஐந்து இதழ்களில் ஏ, ஏ2, ஏ3, ஏ4, ஏ5 என்று குறி இருக்கும், மீதி மூன்றும் வெறுமை. எழுத்து வரிசையில் 23 எழுத்துகள்தாம்: ஜே, யு, டபிள்யூ கிடையாது. ஐக்குப் பிறகு கே வந்தால் ஏதோ காணாமல் போய்விட்டதென்று பதற வேண்டாம்.

முன்னுரை உடுக்குறியோடு (*) ஒரு ஃபாரம், பிறகு ஏ முதல் இசட் வரை, பிறகு ஏஏ முதல் சிசி வரை என்றால் 1 + 23 + 3 = 27 ஃபாரம்; எட்டால் பெருக்க 216 இதழ், 432 பக்கம். குறைந்தால் எங்கே என்று தேடுங்கள். ஒரு ஃபாரத்தில் இணை இதழ்களின் எண்ணைக் கூட்டினால் ஒன்பது வரும்: மூன்றாம் இதழ் போயிருந்தால் ஆறாவது தளர்ந்து ஆடும். பக்கத்தின் கடைசியில் அடுத்த பக்கத்தின் முதல் சொல் அச்சாகியிருக்கும். அது பொருந்தாத இடத்தில் நிறுத்திப் பாருங்கள். தாளுக்குப் பின்னால் கைப்பேசி வெளிச்சம் காட்டினால் சங்கிலிக் கோடுகள் (தாள் வார்த்த சல்லடைக் கம்பிகளின் தடம்) தெரியும்: எட்டிதழ் நூலில் அவை செங்குத்து, நான்கிதழில் கிடைமட்டம். கோமாளித் தலையோ ஆம்ஸ்டர்டாம் நகரச் சின்னமோ நீர்க்குறியாகத் தெரியலாம். எட்டிதழில் அது மடிப்பின் மேல்மூலையில் துண்டுகளாக வெட்டுப்பட்டுக் கிடக்கும்.

இவ்வகை நூல்களைத் தேடுவோர் பெரும்பாலும் கோட்டை விடுவது ஒட்டுக்கட்டில்தான். இரண்டு மூன்று ஃபாரச் சிறுநூல்களை ஒரே அட்டைக்குள் கட்டும் பழக்கம் அங்கே பரவலாக இருந்தது. நடுவில் புதிய தலைப்புப் பக்கமும், குறி மீண்டும் ஏயிலிருந்து தொடங்குவதும் கண்டால் அது தனி நூல், அதற்குத் தனிப் பதிவு. தேடிய தற்கொலைத் தடுப்பு நூல், வெளியட்டையில் வேறு பெயர் எழுதிய கட்டுக்குள்ளும் ஒளிந்திருக்கலாம்.

ஆண்டை ரோமன் எண்ணில் விசித்திரமாகப் போடுவார்கள். சி, ஐ, திரும்பிய சி சேர்ந்தால் 1000. ஐ, திரும்பிய சி சேர்ந்தால் 500. அதற்குப் பிறகு சி, எல், மூன்று எக்ஸ் வந்தால் மொத்தம் 1680.

கோதிக் எழுத்தில் நீண்ட எஸ் பார்வைக்கு எஃப் மாதிரி இருக்கும். ‘செல்ஃப்மோர்ட்’ (தற்கொலை) என்பதை ‘ஃபெல்ஃப்மோர்ட்’ என்று படித்துவிட்டு அகராதியில் தேடித் தோற்போர் உண்டு. கூடவே தேட வேண்டிய சொற்கள்: வான்ஹோப் (நம்பிக்கையற்ற நிலை), ஸ்வார்முதிக்ஹெய்ட் (மனபாரம்), ஆன்ஃபெக்திங் (சோதனை), ட்ரோஸ்ட் (ஆறுதல்), மெலாங்கோலி. கடைசிச் சொல் அன்று கரும்பித்த நோயைக் குறித்தது. ஆகவே அது வரும் பக்கத்தில் மருத்துவமும் பேசப்படலாம். ஓரக்குறிப்பில் 105ஆம் கேள்வி, 40ஆம் ஞாயிறு என்று கண்டால் அது 1563இன் ஹைடல்பர்க் வினாவிடை என்னும் கிறிஸ்தவப் போதனை நூல். கொலை செய்யாதே என்ற கட்டளை தன்னைத்தான் காயப்படுத்துவதையும் தடுக்கிறது என்னும் இடம். அப்போஸ்தலர் 16:28ஐயும் தேடுங்கள், சிறைக்காவலனைப் பவுல் தடுத்த வசனம்.

அச்சுப் பட்டியலில் பார்க்க ஹேக் நகரத் தேசிய நூலகத்தின் எஸ்.டி.சி.என். என்னும் பழைய டச்சு நூல்பட்டியல் தளம் உதவும். 1800 வரையான நூல்கள் அதில் உண்டு. டச்சு எழுத்துமுறை 1804இல்தான் அரசு விதியாயிற்று. அதற்கு முன்பு ‘மோர்ட்’டின் ஈறு டி (d), டீ (t), இரண்டும் சேர்ந்தது (dt) என எப்படியும் இருக்கும், நெடில் ‘ஆ’ இரண்டு ஏயாகவோ (aa) ஏ, ஈயாகவோ (ae) வரும். நான்கைந்து விதமாகத் தேடிய பிறகே “கிடைக்கவில்லை” என்று எழுதுங்கள். அப்போதும் “உலகில் ஒரே பிரதி” என்று எழுதாதீர்கள்.

நூல்பட்டியல் பதிவின் பொருள் தலைப்பில் “தற்கொலைக் குற்றம்” என்று போடாமல் “தற்கொலைத் தடுப்பு” என்று போடுங்கள். காட்சிக்கு வைத்தால் 50 லக்ஸ் வெளிச்சம், மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். எப்படிச் செத்தார்கள், உடலை என்ன செய்தார்கள் என்று விவரிக்கும் பக்கத்தை விரிக்காமல் ஆறுதல் அதிகாரத்தை விரியுங்கள். விளக்க அட்டையின் அடியில், கண்ணாடிக்கு வெளியிலிருந்தே படிக்கும் அளவில், டெலி-மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) 14416 என்ற எண்ணை எழுதுங்கள். தமிழில் பேசலாம், கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள்.