உப்புக்காத்து ஊரில் ஃபார்மட் போடும் முன்

பாம்பன், மண்டபம் பக்கம் கம்ப்யூட்டர் திரை கறுப்பாகவே நின்று பீப் பீப் என்று கத்தினால், ‘விண்டோஸ் போச்சு, ஃபார்மட் போடணும்’ என்பார்கள். நம்பாதீர்கள். அந்தச் சத்தம் விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே வருவது. பெரும்பாலும் ரேம் என்னும் நினைவகப் பலகைதான் காரணம். காற்றிலுள்ள உப்பு அந்தப் பலகையின் ஓரத்திலுள்ள தங்கமுலாம் பற்களில் படிந்து ஈரத்தை இழுக்கும்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள். கம்ப்யூட்டர் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் விடாத துணியால் பற்களை ஒரே பக்கமாகத் துடையுங்கள். சானிடைசர் கூடவே கூடாது, அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு. அழிரப்பரால் அழுத்தித் தேய்த்தால் முலாம் உரியும். ரப்பர் துகள் ரேம் செருகும் ஸ்லாட்டில் விழுந்தால் மறுபடி பீப்தான். நன்றாக உலரவிட்டு, கொக்கி ‘டக்’கென்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள்.

தேதி, நேரம் மாறிக்கொண்டே இருந்தால் மதர்போர்டிலுள்ள (உள்ளே இருக்கும் முதன்மைப் பலகை) சி.ஆர். 2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.