உருகிய பாலிமரை மணி-ஸ்பிரிங் மாதிரியில் சிமுலேட் செய்வது எப்படி?

உருகிய பாலிமரின் சிமுலேஷனில் ஆற்றலும் அழுத்தமும் சீக்கிரமே ஒரு மதிப்பில் நின்றுவிடும். அதை மட்டும் பார்த்து, சமநிலை வந்துவிட்டது என்று அளக்கத் தொடங்குவதுதான் இந்த வேலையில் பெரிய பிழை. பாலிமர் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள்; அவற்றின் வடிவம் சரியாக இன்னும் பல லட்சம் படிகள் ஆகலாம்.

கிரெமரும் கிரெஸ்ட்டும் 1990-ல் வெளியிட்ட மாதிரியையே இங்கே எடுத்துக்கொள்வோம். பல அணுக்களைச் சேர்த்து ஒரு மணி. மணிகளைக் கோத்தால் ஒரு சங்கிலி. மணிகளுக்கு இடையே, நெருங்கினால் விலக்கி எட்டினால் ஈர்க்கும் லென்னார்ட்-ஜோன்ஸ் விசை, 1.1225 சிக்மாவில் வெட்டப்பட்டது (சிக்மா என்பது ஏறத்தாழ ஒரு மணியின் விட்டம்). அதாவது விலக்கும் பகுதி மட்டும். சங்கிலியில் அடுத்தடுத்த மணிகளுக்கு ஃபீன் (FENE) பிணைப்பு, அதாவது ஓர் எல்லைக்கு மேல் நீளாத ஸ்பிரிங்: ஸ்பிரிங் மாறிலி 30, அதிகபட்ச நீளம் 1.5 சிக்மா. இரண்டும் சேர்ந்து பிணைப்பின் சராசரி நீளத்தை 0.97 சிக்மாவில் நிறுத்தும். ஸ்பிரிங்கைத் தளர்த்திப் பார்க்க ஆசைப்படாதீர்கள். இந்த விறைப்பு இருப்பதால்தான் ஒரு சங்கிலி இன்னொன்றை அறுத்துக்கொண்டு போக முடிவதில்லை. அடர்த்தி 0.85, வெப்பநிலை 1.0; எல்லா எண்களும் மாதிரியின் சொந்த அலகுகளில்.

முதல் முயற்சிக்கு 100 மணிகள் கொண்ட 200 சங்கிலிகள் போதும். மொத்தம் 20,000 மணிகள்; பெட்டியின் பக்கம் 28.66 சிக்மா. சங்கிலியின் முனைக்கு முனை தூரம் சுமார் 13 சிக்மாதான் என்பதால், ஒரு பக்கம் வெளியேறுவது மறுபக்கம் நுழையும் இந்தப் பெட்டியில் அது சுற்றி வந்து தன் பிம்பத்தையே மோதும் கவலை பெரிதாக இல்லை.

சங்கிலிகளை, ஒவ்வொரு அடியும் 0.97 சிக்மாவாக, திசை தற்செயலாக மாறும் நடை போல வரையுங்கள். ஒன்று விட்டு அடுத்த மணி 1.02 சிக்மாவை விட நெருங்கினால் அந்த அடியை நிராகரித்து வேறு திசை எடுங்கள். இந்தச் சிறு நிபந்தனை சங்கிலி தன் மேலேயே மடங்குவதைத் தடுத்து, உருகலில் இருக்க வேண்டிய வடிவத்துக்கு அருகில் கொண்டுவந்துவிடும்.

இப்போது வெவ்வேறு சங்கிலிகளின் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். இந்த நிலையில் லென்னார்ட்-ஜோன்ஸைப் போட்டால் விசை எகிறி, பிணைப்பு 1.5 சிக்மாவைத் தாண்டி, ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். மூலக்கூறு சிமுலேஷனுக்கான லாம்ப்ஸ் (LAMMPS) மென்பொருளில் ‘சாஃப்ட்’ என்ற மென்மையான விலக்கு விசை உண்டு. அதன் வலிமையைப் பூஜ்ஜியத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். ஒரு படியில் மணி நகரும் தூரத்துக்கும் வரம்பு வையுங்கள். மணிகள் விலகிய பிறகு அசல் விசைக்கு மாறலாம்.

அவசரப்பட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் அக்கம்பக்க மணிகள் ஒன்றையொன்று தள்ளியதில் சங்கிலியின் குட்டைத் துண்டுகள் நீண்டுபோயிருக்கும். அதைக் காட்டிக்கொடுக்கும் சோதனை ஒன்றே ஒன்று: n பிணைப்பு இடைவெளியில் உள்ள இரு மணிகளின் தூரத்தை வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, n-ஆல் வகுத்து, n-க்கு எதிராக வரையுங்கள். நல்ல உருகலில் கோடு ஏறிக்கொண்டே போய் 1.7-ஐ ஒட்டிப் படுக்கும். நடுவில் திமில் போல ஒரு மேடு தெரிந்தால் இன்னும் ஓட்ட வேண்டும், அல்லது இன்னும் மெதுவாகத் தள்ளி மறுபடி தொடங்க வேண்டும். இந்தத் தூரங்களைப் பெட்டிக்குள் மடிக்காத ஆயங்களில் கணக்கிடுங்கள். மடித்தவற்றில் போட்டால் கோடே பொய்.

லாம்ப்ஸில் இன்னொரு கண்ணி, ‘ஸ்பெஷல் பாண்ட்ஸ்’ கட்டளை. ஒரே சங்கிலியில் அடுத்த, ஒன்று விட்டு அடுத்த, இரண்டு விட்டு அடுத்த மணிகளுக்கு இடையே விலக்கு எந்த அளவு என்பதை மூன்று எண்களால் இது சொல்லும். கட்டளையை விட்டுவிட்டால் 0 0 0 என்று எடுத்துக்கொள்ளும். ஒன்று விட்டு அடுத்த மணிகளுக்கு இடையே விலக்கே இருக்காது, சங்கிலி மடங்கி மடங்கிக் கிடக்கும். ஃபீனுக்கு வேண்டியது 0 1 1. லாக் கோப்பில் இதற்கு ஓர் எச்சரிக்கை வரும். ஓட்டம் நிற்காததால் பலர் அதைக் கவனிப்பதில்லை.

பிறகு, உராய்வும் தற்செயல் உதைகளும் கொண்டு வெப்பநிலையை நிறுத்தும் லாங்கெவின் தெர்மோஸ்டாட், உராய்வு 0.5, டைம்ஸ்டெப் 0.01 டௌ (டௌ என்பது மாதிரியின் நேர அலகு). அழுத்தம் 5-ஐ ஒட்டி நிற்கும். 100 மணிச் சங்கிலியின் ரவுஸ் நேரம், அதாவது சிக்கல் இல்லாத சங்கிலி தன் வடிவத்தை மறக்க எடுக்கும் நேரம், சுமார் 15,000 டௌ, அதாவது 15 லட்சம் படிகள். அதைப்போல் சில மடங்காவது ஓட்டிவிட்டு அளக்கத் தொடங்குங்கள்.

500 மணிகளுக்குப் போனால் கணக்கே வேறு. சிக்கல் விழுந்த சங்கிலிகளின் தளர்வு நேரம் நீளத்தின் 3.4 அடுக்கில் ஏறுகிறது. நீளம் 5 மடங்கு, காத்திருப்பு சுமார் 240 மடங்கு. அங்கே ‘பாண்ட் ஸ்வாப்’ கைகொடுக்கும்: அருகருகே ஓடும் இரு சங்கிலிகளின் பிணைப்புகளை மாற்றிக் கோத்து, வடிவத்தை விரைவாகக் கலைக்கும். அதற்கு மூலக்கூறு எண்ணை ஒவ்வொரு சங்கிலியிலும் முனையிலிருந்து 1, 2 என்று 250 வரை ஏற்றி, மறுபாதியில் அதே வரிசையில் இறக்குங்கள். அப்போதுதான் மாற்றிக் கோத்த பின்னும் சங்கிலி நீளம் 500-ஆகவே இருக்கும். அசைவுகளை அளக்கும் முன் பாண்ட் ஸ்வாப்பை மறக்காமல் நிறுத்திவிடுங்கள்.